பின்பக்கம் கீச் கீச்: எந்த புஷ் கத்துகிறது, எப்படி அடக்குவது

வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் காரின் பின்பக்கம் பழைய இரும்புக் கட்டில் மாதிரி முனகுகிறதா? பட்டறைக்குப் போனால் "புஷ் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்பார்கள். புஷ் என்பது சஸ்பென்ஷன் பாகங்கள் இணையும் இடத்தில் அதிர்வைத் தாங்க வைத்திருக்கும் ரப்பர். பல நேரம் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும். ஆனால் எந்த புஷ் என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள், பதில் மழுப்பலாகத்தான் வரும். ஒரு சாதாரண ஹேட்ச்பேக்கிலேயே பின்னால் பீம் (இரண்டு பின்சக்கரத்தையும் குறுக்கே இணைக்கும் இரும்பு) புஷ் இரண்டு, ஷாக் அப்சார்பரின் கீழ்ப் புஷ் இரண்டு, மேல் மவுன்ட் இரண்டு என்று ஆறு இடம் உண்டு. காயில் ஸ்பிரிங்கின் மேலும் கீழும் இருக்கும் ரப்பர் தட்டு, சக்கரம் அளவுக்கு மேல் ஏறும்போது முட்டும் பம்ப் ஸ்டாப், சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையம் எல்லாம் தனிக்கணக்கு. இத்தனையில் ஒன்று கத்துகிறது. அது எது என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள், ஸ்பிரேயையும் தொடாதீர்கள்.

நான் இங்கே சொல்வது பெரும்பாலும் பின்னால் டார்ஷன் பீம் (முறுக்கிக் கொடுக்கும் பீம்) உள்ள, முன்சக்கரம் இழுக்கும் சின்னக் கார்களுக்கு. ஸ்விஃப்ட், ஐ10 வகையறா. பழைய ஆல்டோ, பழைய வேகன் ஆர் இரண்டிலும் பீமுக்குப் பதிலாக உறுதியான அச்சும் அதைப் பிடிக்கும் கம்பிகளும் இருக்கும், அங்கே புஷ் எண்ணிக்கை கூடும். முதல் தலைமுறை இன்னோவாவில் நான்கு லிங்க், அதோடு குறுக்கே ஒரு லேட்டரல் ராட் என்று இன்னும் கூடும். தேடும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

ஒரு விஷயம் முதலில் புரிந்தால் மிச்சமெல்லாம் சுலபம். பீம் புஷ் என்பது நடுவில் ஒரு இரும்புக் குழாய், வெளியே இன்னொரு வளையம், இரண்டுக்கும் நடுவே ரப்பர். அந்த ரப்பர் இரண்டு இரும்போடும் சூட்டிலேயே ஒட்டவைக்கப்பட்டது. போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் பிராக்கெட்டோடு இறுகிவிடும், அப்புறம் அது சுற்றவே சுற்றாது. சக்கரம் மேலே போனால் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், கீழே வந்தால் பழையபடி விரியும். எதுவும் எதன்மேலும் வழுக்குவதில்லை, அதனால் நல்ல பீம் புஷ்ஷுக்குக் கத்துவதற்குக் காரணமே கிடையாது, எண்ணெயும் தேவையில்லை. அது கத்தினால் ஒட்டு விட்டுப்போய் ரப்பர் இரும்பின்மேல் தேய்கிறது என்று அர்த்தம், அல்லது போல்ட் லூஸாகி உள்குழாய் பிராக்கெட்டில் உரசுகிறது, அல்லது நீங்கள் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மூன்றாவதுதான் அதிகம் நடப்பது.

ஷாக்கின் கீழ்ப் புஷ், மேல் மவுன்ட்டில் இருக்கும் ரப்பர் வட்டுகள், பெரிய கார்களில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பியைக் கவ்விப் பிடிக்கும் டி-புஷ் இவை வேறு ஜாதி. பல கார்களில் இவை ஒட்டப்படாமல் வெறும் அழுத்தத்தில் நிற்பவை. தூசி உள்ளே புகுந்தால், ரப்பர் காய்ந்து இறுகினால், கீச்சிட ஆரம்பிக்கும்.

தேடுவதற்கு முன்

டிக்கியைக் காலி செய்யுங்கள், நிஜமாகவே முழுசாக. ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர், பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பார்சல் தட்டு, குடை, தண்ணீர் கேன் எல்லாம் வெளியே. பின் சீட்டின் சாய்மானத்தை மடக்கி வையுங்கள், ஏனென்றால் அதன் கொக்கி கீச்சிடுவது சஸ்பென்ஷன் கத்துவது போலவே இருக்கும். சிஎன்ஜி வண்டியாக இருந்தால் சிலிண்டரைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட்டுகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். வெளியில் சிலிண்டர் பொருத்திய வண்டிகளில் இந்த இடம் எனக்கு எப்போதும் சந்தேகம்தான். அடுத்து டிக்கிக் கதவின் பூட்டு மாட்டும் வளைவுக் கம்பியில் துணி டேப்பை ஒரு சுற்று சுற்றுங்கள், கதவு ரப்பர் பீடிங்கில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தடவுங்கள். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது பாடியே கொஞ்சம் முறுக்கும், அப்போது பீடிங் பெயின்ட்டோடு உரசி அசல் புஷ் சத்தம் கொடுக்கும்.

இதையெல்லாம் செய்துவிட்டு அதே தெருவில் அதே வேகத்தடையில் ஒரு முறை போய் வாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் வேலை முடிந்தது. நிற்கவில்லை என்றால் கீழே குனிய வேண்டியதுதான்.

நின்ற இடத்திலேயே அமுக்கினால் கீச் வருகிறது

இது நல்ல செய்தி. நின்ற வண்டியில் வரும் சத்தத்தைப் பிடிப்பது ஓடும் வண்டியில் பிடிப்பதைவிடப் பல மடங்கு சுலபம்.

சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முதல் கியரில் போட்டுவிட்டு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஹேண்ட் பிரேக்கை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், டிரெய்லிங் ஆர்ம் (பீமோடு சேர்ந்து சக்கரத்தைத் தாங்கும் கை) மேலும் கீழும் போகும்போது சக்கரம் கொஞ்சம் முன்னும் பின்னும் உருள வேண்டியிருக்கும், பிரேக் பிடித்திருந்தால் உருள முடியாமல் டிரம்முக்குள் ஷூ முனகும், நீங்கள் அதை புஷ் என்று நினைத்து அலைவீர்கள். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் கியர் முன்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும், பின்சக்கரம் சுதந்திரமாக இருக்கும், நமக்கு வேண்டியது அதுதான்.

ஒருவர் பின் பம்பருக்கு மேலே, டிக்கியின் வாய்ப்பகுதியில் கை வைத்து நிதானமாக அமுக்கி விட வேண்டும். பம்பரிலேயே அமுக்காதீர்கள், இந்தக் காலத்துப் பம்பர் பிளாஸ்டிக், அதன் கிளிப்பே ஒரு கீச் கொடுக்கும். இன்னொருவர் பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்திக் காதைக் கொடுக்க வேண்டும். வண்டிக்கு அடியில் தலையை விடத் தேவையில்லை, விடவும் கூடாது. அரை மீட்டர் நீளத்துக்கு ஒரு ரப்பர் டியூபை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஷாக்கின் கீழ் போல்ட், ஸ்பிரிங்கின் அடித்தட்டு, பீம் பிராக்கெட் என்று ஒவ்வொன்றாகக் காட்டிப் பாருங்கள், எந்த மூலை என்பதாவது தெரிந்துவிடும். இன்னும் நல்ல வழி விரல். அமுக்கும்போது ஷாக்கின் கீழ் போல்ட் தலையில் விரல் நுனியை வைத்தால், கத்துவது அதுதான் என்றால் சத்தத்தோடு சேர்ந்து ஒரு நறநறப்பு விரலில் ஏறும். சும்மா கேட்பதைவிட இதை நம்பலாம். ஸ்பிரிங் சுருளுக்கு நடுவில் மட்டும் விரலை விட்டுவிடாதீர்கள்.

மூலை தெரிந்ததும் தண்ணீர். சலூனில் வைத்திருப்பது போன்ற ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, ஒரே ஒரு இடத்தில் மட்டும் நன்றாக நனையும்படி அடித்து, மறுபடி அமுக்கச் சொல்லுங்கள். சத்தம் நின்றால் அந்த இடம்தான். நிற்கவில்லை என்றால் அடுத்த இடம். நான் ஷாக்கின் கீழ்ப் புஷ்ஷில் தொடங்கி, ஸ்பிரிங் தட்டு, மேல் மவுன்ட், கடைசியில் பீம் புஷ் என்று போவேன், காரணம் கத்துவதும் பெரும்பாலும் அந்த வரிசையில்தான். எண்ணெய் வேண்டாம், தண்ணீர்தான் வேண்டும். தண்ணீர் காய்ந்துவிடும், சத்தம் திரும்ப வரும், சோதனையை மறுபடி செய்து உறுதிப்படுத்தலாம். எண்ணெய் அடித்தால் அது நாலு பக்கமும் வழிந்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அடக்கிவிடும், எது குற்றவாளி என்று பிறகு ஒருபோதும் தெரியாது.

மழையில் சத்தமே இல்லை, வெயில் அடித்தால் வந்துவிடுகிறது

மழையே உங்களுக்காகத் தண்ணீர்ச் சோதனையைச் செய்துவிட்டது. வெளியில் தெரியும் ஏதோ ஒரு ரப்பர் உலர்ந்து உரசுகிறது. சீட்டுக் கொக்கியோ டிக்கிப் பூட்டோ இல்லை என்பது இதிலேயே உறுதி, அவை மழையில் நனைவதில்லை. வாட்டர் சர்வீஸ் விட்டு வந்த ஒன்றிரண்டு நாள் அமைதி, பிறகு கச்சேரி என்றாலும் இதே கதைதான்.

காலையில் வண்டியை எடுக்கும்போது மட்டும் கத்தி, கொஞ்ச தூரம் ஓடியதும் அடங்குகிறது, அதுவும் மார்கழி தை மாதங்களில் அதிகம் என்றால் ரப்பர் வயதாகி இறுகிவிட்டது. குளிரில் இன்னும் விறைக்கும், ஓடி அசைந்து சூடானதும் இளகும். இது ஆபத்து இல்லை, ஆனால் எண்ணெய் போட்டுத் தீரும் விஷயமும் இல்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் தனியாகக் கவனியுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் சக்கரம் முழுகும் அளவு நின்ற வண்டிகள் ஏராளம். அப்படி நின்றால் நைசான சேறு ஸ்பிரிங் தட்டுக்கும் இரும்புக்கும் நடுவே போய் உட்கார்ந்து, காய்ந்ததும் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். வெளியே எத்தனை முறை கழுவினாலும் அது வராது, ஸ்பிரிங்கைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் இல்லை, கேட்டில் கோணலாக நுழையும்போது மட்டும்

வீட்டு வாசல் சரிவில் கோணலாக ஏறும்போது ஒரு பின்சக்கரம் மேலேயும் ஒன்று கீழேயும் இருக்கும், பீம் முறுக்கும். அப்போது மட்டும் கிரீச் என்று நீளமாக ஒரு சத்தம் வந்தால் பீம் புஷ்ஷையும், ஸ்டெபிலைசர் பார் உள்ள வண்டியில் டி-புஷ்ஷையும் பாருங்கள். கூடவே டிக்கிக் கதவு பீடிங்கையும். டி-புஷ்ஷாக இருந்தால் அதிர்ஷ்டம், இரண்டு போல்ட், விலையும் குறைவு. மாற்றும்போது பாரின் அந்தப் பகுதியைத் துருப் போகத் துடைத்து மழமழப்பாக்கிவிட்டுப் போடுங்கள், துருவின்மேல் போட்ட புது ரப்பர் சீக்கிரமே கத்தும்.

கீச் இல்லை, டொக் என்று அடிக்கிறது

கீச்சும் டொக்கும் வேறு வேறு. கீச் உரசல், டொக் இடைவெளி. டொக் வந்தால் ஸ்பிரே எதுவும் உதவாது.

சின்னச் சின்னக் குழிகளில் டொக் டொக் என்று வேகமாக வந்தால் ஷாக்கின் மேல் மவுன்ட் நட் லூஸ், அல்லது கீழ்ப் புஷ் முட்டை வடிவமாகத் தேய்ந்துவிட்டது. பிரேக் அடிக்கும்போதோ ரிவர்ஸிலிருந்து முன்னால் எடுக்கும்போதோ ஒரே ஒரு டொக் என்றால் பீம் புஷ். இதோடு நெடுஞ்சாலையில் பஸ்ஸை முந்தும்போது பின்பக்கம் தானாக ஒரு அடி எடுத்து வைப்பது போலத் தோன்றினால், பின் டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்தால், தள்ளிப்போடாதீர்கள். சத்தம் தொல்லை மட்டும்தான், பின் அச்சு தன் இஷ்டத்துக்குத் திரும்புவது உயிர் விஷயம்.

க்ளிங் என்று இரும்புச் சத்தம் வந்தால் காயில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றைப் பாருங்கள். துருப்பிடித்து முனை உடைந்திருக்கும், வண்டி லேசாக ஒரு பக்கம் சாய்ந்தும் நிற்கும். கிழக்குக் கடற்கரைச் சாலை மாதிரி உப்புக்காற்று படும் இடத்தில் நிற்கும் வண்டிகளில் இதைக் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகப்படலாம்.

சக்கரம் சுற்றும் வேகத்தோடு கூடிக் குறைகிறது

அது புஷ் இல்லை. சமமான ரோட்டிலும் வருகிறது, வேகம் கூடினால் கீச் கீச் என்பதும் வேகமாகிறது என்றால் பிரேக் அல்லது வீல் பேரிங். ஹேண்ட் பிரேக்கை ஒரு பல் இழுத்துப் பார்த்தால் சத்தம் மாறும், அப்படி மாறினால் டிரம்மைக் கழற்றுங்கள். இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை.

கண்ணால் பார்ப்பது

பீம் புஷ்ஷைப் பார்க்க வண்டியைத் தூக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்து, அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் ஸ்டாண்ட் அல்ல. ஹாலோ பிளாக் எந்த எச்சரிக்கையும் கொடுக்காமல் நொறுங்கும்.

டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பரின் மேல்தோலில் முடி மாதிரிக் கோடுகள் இருப்பது வயசு, அதற்காக மாற்ற வேண்டாம். விரல் நகம் உள்ளே போகும் அளவுக்கு வெடிப்பு, அல்லது ரப்பருக்கும் நடுக் குழாய்க்கும் இடையே பிறை வடிவத்தில் இருட்டாக ஒரு இடைவெளி தெரிந்தால் ஒட்டு விட்டுவிட்டது. புஷ்ஷைச் சுற்றிக் கறுப்பு மாவு மாதிரி ரப்பர் தூள் படிந்திருந்தாலும் அதே முடிவுதான். போல்ட் தலையைச் சுற்றி, வாஷர் உட்கார்ந்த இடத்தில், செம்பழுப்பில் துருத் தூளும் அதன் நடுவில் வெள்ளி வளையமாகப் பளபளக்கும் இரும்பும் தெரிகிறதா? அங்கே ஏதோ நகர்ந்துகொண்டிருக்கிறது, போல்ட் லூஸ். புது புஷ் வாங்கும் முன் அதை முறுக்கி ஓட்டிப் பாருங்கள், சில சமயம் கதை அங்கேயே முடிந்துவிடும்.

சில பீம் புஷ்களில் ரப்பரின் நடுவே இரண்டு பெரிய ஓட்டை இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கிழிந்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. அது கம்பெனியே விட்ட ஓட்டை, முன்பின் அசைவுக்கு மென்மை கொடுக்க. இரு பக்கமும் ஒரே மாதிரி, ஓரம் வழுவழுப்பாக இருந்தால் அது பழுது இல்லை. லீவர் கம்பியை ஆர்முக்கும் பாடிக்கும் நடுவே விட்டு நெம்பிப் பார்க்கும்போதும் இப்படித்தான், ரப்பர் என்றால் கொஞ்சம் அசையத்தான் செய்யும். அசைவு விறைப்பாக இருந்து திரும்ப வந்தால் நல்லது, எதிர்ப்பே இல்லாமல் டக்கென்று போய் முட்டினால் போய்விட்டது.

என்ன அடிக்கலாம், என்ன அடிக்கக் கூடாது

நம் ஊரில் சர்வீஸ் விட்டால் அடியில் டீசலும் கழிவு ஆயிலும் கலந்து பீய்ச்சிவிடும் வழக்கம் இன்னும் சில இடத்தில் இருக்கிறது. சத்தம் அன்றைக்கே நிற்கும், நிற்பதால்தான் அந்த வழக்கமும் சாகவில்லை. ஆனால் பெட்ரோலிய எண்ணெய் இயற்கை ரப்பரை ஊதவைத்து இளக்கும். புஷ் முதலில் பஞ்சு மாதிரி ஆகும், பிறகு பிய்ந்துகொண்டு வரும். டபிள்யூடி-40 துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற அருமையானது, புஷ்ஷுக்கு மருந்து அல்ல. சாதாரண கிரீஸும் வேண்டாம்.

சிலிகான் ஸ்பிரே அல்லது சிலிகான் கிரீஸ் போடலாம். ரப்பரைக் கெடுக்காது, தண்ணீரில் சுலபத்தில் போகாது. முதலில் அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் கொண்டு கழுவிக் காயவைத்துவிட்டு, ஸ்பிரேயின் மெல்லிய குழாயை ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவே நீட்டி அடித்து, வண்டியை நாலைந்து தடவை அமுக்கி விட்டால் உள்ளே இறங்கும். தூசியின்மேல் அடித்தால் அது பசையாகிவிடும். டிரம், டிஸ்க் பக்கம் ஒரு துளிகூடப் போகக் கூடாது, பழைய துணியால் மூடிக்கொள்ளுங்கள். இன்னொன்று, அந்தப் பக்கம் பெயின்ட் வேலை வரப்போகிறது என்றால் பெயின்டரிடம் சிலிகான் அடித்ததைச் சொல்லிவிடுங்கள், சிலிகான் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகும்.

சிலிகான் கிடைக்காத ஊரில் மாட்டிக்கொண்டால் விளக்கெண்ணெய். சிரிக்காதீர்கள். அந்தக் காலத்து பிரேக் ஆயிலே விளக்கெண்ணெயை அடிப்படையாக வைத்துச் செய்ததுதான், காரணம் அது இயற்கை ரப்பர் சீல்களைக் கெடுக்காது. பிசுபிசுப்பில் தூசி ஒட்டும், அதனால் ஊர் போய்ச் சேரும் வரைக்கும் மட்டும்.

இதெல்லாம் ஒட்டாத வகை ரப்பருக்குத்தான். ஒட்டிய பீம் புஷ் கத்தினால் ஸ்பிரே அடிப்பது சத்தத்தை மூடுவது, அவ்வளவே. கொஞ்ச நாள் ஓட்டலாம், ஆனால் அது மாற்ற வேண்டிய புஷ்.

மாற்றுவது

ஷாக்கின் கீழ்ப் புஷ் சில வண்டிகளுக்குத் தனியாகக் கிடைக்கும், சிலவற்றுக்கு ஷாக்கோடுதான். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்திருந்தால், பின்பக்கத்தை அமுக்கி விட்டதும் அடங்காமல் ஆடிக்கொண்டே இருந்தால், புஷ்ஷை மட்டும் மாற்றுவது வீண், இரண்டு பக்கமும் ஷாக்கே மாற்றிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக நிற்கும் பீம் வண்டிகளில், சக்கரம் தொங்கும்போது பீம் இன்னும் கீழே போகாமல் பிடிப்பது ஷாக்தான். கீழ் போல்ட்டை எடுக்கும் முன் பீமுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பீம் தடாலென்று இறங்கும், ஸ்பிரிங்கும் வெளியே வரலாம்.

ஸ்பிரிங் தட்டு என்றால் அதே முறையில் இரண்டு ஷாக்கையும் கீழே விடுவித்து, ஜாக்கியை மெல்ல இறக்கி ஸ்பிரிங்கை எடுத்து, உட்காரும் இடத்தைச் சுரண்டித் துடைத்து, புதுத் தட்டு போட்டு ஏற்றுங்கள். ஸ்பிரிங்கின் முனை அடித்தட்டில் இருக்கும் படியில் போய்ச் சேர்ந்து நிற்க வேண்டும், தள்ளி நின்றால் புதுச் சத்தம். பீமை இறக்கும்போது பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், ஏபிஎஸ் ஒயர் மூன்றும் இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இறக்குங்கள்.

பீம் புஷ் வீட்டு வேலை இல்லை. புஷ்ஷின் விலையைவிடக் கூலி அதிகம் வரும், கொடுத்துவிடலாம். ஹைட்ராலிக் பிரஸ் அல்லது அதற்கென்று இருக்கும் இழுவைக் கருவி வேண்டும். பிரஸ் இல்லாத பட்டறையில் பீமைக் கழற்றி லேத்துக்கு அனுப்புவார்கள், அதில் தப்பில்லை. கேஸ் வைத்து ரப்பரை எரித்து எடுப்பவர்களிடம் வண்டியிலேயே வைத்து எரிக்கக் கூடாது என்று சொல்லுங்கள், பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க்கும் பிரேக் பைப்பும் இருக்கிறது. பழையதை எடுக்கும் முன் அதன் ஓட்டைகள் எந்தத் திசையில் இருக்கிறதென்று பீமின்மேல் பெயின்ட்டால் கோடு போட்டு, போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். புது புஷ்ஷிலும் அம்புக்குறியோ கீறலோ இருக்கும். தொண்ணூறு டிகிரி மாறி உட்கார்ந்தால் சத்தம் வராது, ஆனால் வண்டி ஓடும் விதமே மாறிவிடும். உள்ளே தள்ளச் சோப்புத் தண்ணீர் போதும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் தேடினால் ஒரே வண்டிக்கு மூன்று தரத்தில் புஷ் காட்டுவார்கள். பீம் புஷ் விஷயத்தில் மட்டும் கம்பெனி சாமான் வாங்குங்கள். புதுப்பேட்டையில் கழற்றிய பழைய பீம் புஷ்ஷோடு கிடைக்கும், பீம் வளைந்திருந்தால்தான் அதைத் தேட வேண்டும், ரப்பருக்காக வேண்டாம், அதுவும் வயசான ரப்பர்தான்.

இனி சொல்லப்போவதைப் பட்டறையில் பக்கத்தில் நின்று பார்த்தே ஆக வேண்டும். பீம் புஷ் போல்ட்டையும் ஷாக்கின் கீழ் போல்ட்டையும் வண்டி லிஃப்ட்டில் சக்கரம் தொங்கும் நிலையில் கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. மேலே சொன்னபடி உள்குழாய் எந்த நிலையில் இறுகுகிறதோ அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. தொங்கும்போது இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், நிறுத்தி வைத்திருக்கும்போதும் முறுக்கிலேயே இருக்கும், வேகத்தடையில் இன்னும் முறுக்கும். நம்மூர் வேகத்தடைகளைச் சொல்ல வேண்டியதில்லை. சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி 3.7 மீட்டர் அகலத்துக்குப் பத்து சென்டிமீட்டர் உயரம் என்று மெல்ல ஏறி இறங்க வேண்டியது, தெருவில் கரணையால் அள்ளிக் கொட்டிய மேடாகத்தான் இருக்கிறது. அதில் முறுக்கிய புஷ் எத்தனை நாள் தாங்கும், சீக்கிரமே ஒட்டு விடும்.

அதனால் போல்ட்டைக் கையால் போட்டு லேசாக மட்டும் இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தை நாலு தடவை அமுக்கி நிலைக்கு வரவைத்து, குழியிலோ ராம்ப்பிலோ ஏற்றி, சக்கரம் எடையைத் தாங்கும்போது டார்க் ரெஞ்சால் (குறித்த அளவு விசையில் இறுக்கும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். குழி இல்லை என்றால், வேலை தொடங்கும் முன்பே சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அதே அளவு வரும்வரை தூக்கி இறுக்கினால் போதும். எவ்வளவு டார்க் என்பது வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலில் இருக்கும். லாக் நட் என்றால் புதுசு போடுங்கள்.

புதுசு போட்டும் கத்துகிறது

போட்ட உடனேயே கத்தினால் கத்தியது அந்த புஷ்ஷே இல்லை. கழற்றிய பழைய புஷ்ஷைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், ரப்பர் இரு பக்கமும் ஒட்டியபடியே முழுசாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஸ்பிரே பாட்டிலை எடுத்துக்கொண்டு ஷாக்கின் மேல் மவுன்ட்டுக்கும் சைலன்சர் ரப்பருக்கும் போங்கள்.

கொஞ்ச மாதம் கழித்து அதே இடத்தில் திரும்ப வந்தால் தொங்கவிட்டு இறுக்கியிருக்கிறார்கள். ரப்பர் இன்னும் பிய்யாமல் இருந்தால் எடை இறங்கிய நிலையில் போல்ட்டை முழுசாக லூஸாக்கி, அமுக்கி விட்டு, மறுபடி இறுக்கினாலே பிழைத்துக்கொள்ளும்.

பாலியூரித்தேன் புஷ் போட்டிருந்தால் விதிகள் மாறும். அது ஒட்டியது அல்ல, உள்குழாய்மேல் சுற்றும் வகை, கிரீஸ் இல்லாமல் போட்டால் கத்தியே தீரும். கழற்றி, அதோடு வரும் சிலிகான் வகை கிரீஸைத் தாராளமாகத் தடவிப் போட வேண்டும், மறுபடி காய்ந்தால் மறுபடி தடவ வேண்டும். பந்தயத்துக்கு ஓட்டுபவர்களுக்கு அது சரி, தினம் பிள்ளைகளைப் பள்ளியில் விடும் வண்டிக்கு எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

பொலேரோ, ஆம்னி மாதிரிப் பின்னால் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் புஷ்ஷுக்கு முன் பட்டைகளுக்கு நடுவேதான் தண்ணீர் அடித்துப் பார்க்க வேண்டும், அங்கே இரும்போடு இரும்பு வழுக்குகிறது, கத்துவதற்கு முழு உரிமையும் அதற்கு உண்டு. அடுத்தது பட்டையின் முனையைப் பாடியோடு இணைக்கும் ஷாக்கிளின் புஷ். ஷாக்கிளைப் பக்கவாட்டில் நெம்பிப் பார்த்து லொடலொடவென்று இருந்தால் அதில் செருகியிருக்கும் இரும்புப் பின்னோடு சேர்த்து மாற்றிவிடுங்கள், கிரீஸ் நிப்பிள் இருக்கும் வண்டியாக இருந்தால் அதற்கு முன் ஒரு தடவை கிரீஸ் கன்னை மாட்டிப் பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே வரும்வரை அடித்துப் பாருங்கள்.